சர்வதேசப் பள்ளிக்குப் பிள்ளையைத் தயார் செய்வது: ஈஏஎல் டீச்சர் ஒருத்தியின் குறிப்புகள்

பள்ளியில் இடம் உறுதியானதும் பெற்றோர் பலர் முதலில் செய்யும் காரியம் ஆங்கில இலக்கணப் பயிற்சிப் புத்தகங்களைக் கட்டாக வாங்குவதுதான். அப்புறம் கணக்குக்கு ஒரு டியூஷன், கட்டுரை எழுத ஒரு டியூஷன். பள்ளி திறப்பதற்குள் பிள்ளை களைத்துப் போய்விடும். அந்தப் புத்தகங்களைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது வழக்கம். பாதிப் பேர் கேட்பதில்லை, அது வேறு விஷயம்.

ஆங்கிலத்தைக் கூடுதல் மொழியாகப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சர்வதேசப் பள்ளிகளில் பல வருடங்களாகப் பாடம் எடுக்கிறேன். அங்கே எங்களை ஈஏஎல் டீச்சர் என்பார்கள். புதிதாக வரும் பிள்ளை முதல் வாரத்தில் பெரும்பாலும் என் அறைக்குத்தான் வந்து சேரும். யார் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறார்கள், யார் தவிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பழைய பள்ளியில் முதல் ரேங்க் வாங்கியதற்கும் இதற்கும் அதிகத் தொடர்பில்லை. "புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று கூச்சப்படாமல் கேட்கும் பிள்ளை முந்திவிடுகிறது. நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி அதைச் சுற்றித்தான் வரும்.

எந்தப் பாடத்திட்டம், எந்த வகுப்பு

முதலில் பள்ளி எந்தப் பாடத்திட்டத்தை நடத்துகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஐபி என்கிற இன்டர்நேஷனல் பாக்கலரியேட் 1968-ல் ஜெனீவாவில் தொடங்கியது. அதில் 3 முதல் 12 வயது வரை பிஒய்பி என்ற ஆரம்ப நிலை, 11 முதல் 16 வரை எம்ஒய்பி என்ற நடுநிலை, பள்ளியின் கடைசி இரண்டு வருடம் டிப்ளமோ. கேம்பிரிட்ஜ் வழியில் போனால் 14 வயதுவாக்கில் ஐஜிசிஎஸ்இ தொடங்கும், இரண்டு வருடப் படிப்பு, அதன்பின் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல். இவை தவிர இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தையோ அமெரிக்க முறையையோ பின்பற்றும் பள்ளிகளும் உண்டு. ஆரம்ப வகுப்பில் ஒன்று, மேல்வகுப்பில் இன்னொன்று என்று கலந்து நடத்துபவையும் ஏராளம்.

வகுப்பு எண்ணில் பலர் குழம்புகிறார்கள். பிரிட்டிஷ் முறையில் 5 வயது முடிந்த பிள்ளை இயர் 1. அதே பிள்ளை அமெரிக்க முறையில் கிண்டர்கார்டன். ஆக இயர் 7 என்றால் கிரேடு 6. எண் கூடிவிட்டது என்று மகிழவும் வேண்டாம், குறைந்துவிட்டது என்று பள்ளியோடு வாதாடவும் வேண்டாம். பிறந்த தேதிக்கான வரம்பு எது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வரம்புக்கு ஓரிரு வாரம் முன்பின் பிறந்த பிள்ளை என்றால், வகுப்பில் எல்லோரையும்விடச் சின்னவனாக இருப்பதைவிடக் கொஞ்சம் பெரியவனாக இருப்பது நல்லது என்பது என் கட்சி. புது மொழியோடு போராடும் பிள்ளைக்கு வயதிலும் பின்தங்கல் எதற்கு?

பெரிய பிள்ளைகள் விஷயத்தில் எப்போது மாற்றுவது என்பது ரொம்ப முக்கியம். ஐஜிசிஎஸ்இ-யின் இரண்டாம் வருடத்தில் நுழைவதும், டிப்ளமோவின் பாதியில் நுழைவதும் கடினம். பாடத்தின் முதல் பாதி போய்விட்டிருக்கும், உள்மதிப்பீட்டு வேலைகளும் ஓடிக்கொண்டிருக்கும். பல பள்ளிகள் சேர்க்கவே தயங்கும். குடும்பம் இடம் மாறும் தேதியை ஓரளவு நகர்த்த முடியும் என்றால் இந்த இரண்டு இடத்தையும் தவிர்த்து நகர்த்துங்கள்.

நுழைவுத் தேர்வும் நேர்காணலும்

பல பள்ளிகள் கேட்4 என்ற தேர்வை வைக்கின்றன. சொற்கள், எண்கள், வடிவங்கள், இடஞ்சார்ந்த சிந்தனை என்று நான்கு பகுதிகள். இதற்கெனப் பாடம் படித்துத் தயாராக முடியாது. எப்படிப்பட்ட கேள்விகள் வரும் என்று ஒருமுறை காட்டிவிட்டு, முந்தின நாள் நேரத்தோடு தூங்க வையுங்கள். அவ்வளவுதான்.

மேப் என்ற கணினித் தேர்வு வேறு மாதிரி. சரியாக விடை சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கும் பாதிக் கேள்விகள் தவறாகும்படிதான் அதை அமைத்திருக்கிறார்கள். இதை முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், எப்போதும் முழு மதிப்பெண் வாங்கிப் பழகிய பிள்ளை நடுவில் அழ ஆரம்பித்துவிடும். பார்த்திருக்கிறேன்.

நேர்காணலில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பது. கேள்வி பிள்ளைக்கு. அது யோசிக்கும் அந்த நான்கைந்து விநாடி உங்களுக்குத்தான் யுகம், எங்களுக்கு இல்லை. "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டால் மனப்பாடம் செய்த பதிலை ஒப்பிக்கும் பிள்ளைகளை உடனே தெரிந்துவிடும். பூச்சி பிடிக்கும், லிஃப்ட் எப்படி ஓடுகிறது என்று பார்க்கப் பிடிக்கும் என்று தட்டுத்தடுமாறிச் சொல்லும் பிள்ளையிடம்தான் எங்களுக்கு அடுத்த கேள்வி வரும்.

பேச்சுப் பயிற்சி, படிப்பதில் சிரமம், கவனக்குறைவு என்று முன்பு ஏதாவது மதிப்பீடு செய்திருந்தால் அந்த அறிக்கையை மறைக்காதீர்கள். இடம் கிடைக்காதோ என்ற பயம் புரிகிறது. ஆனால் உதவி கொடுக்க வசதியில்லாத பள்ளியில் பிள்ளையைத் திணித்தால் அவதிப்படுவது பிள்ளைதான். "லேர்னிங் சப்போர்ட் பிரிவில் எத்தனை ஆசிரியர்கள், அதற்குத் தனிக் கட்டணமா?" என்று நீங்களே கேளுங்கள்.

சான்றிதழ்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடந்த இரண்டு வருட மதிப்பெண் அறிக்கை, மாற்றுச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு, பாஸ்போர்ட் நகல் ஆகியவற்றைப் பெரும்பாலான பள்ளிகள் கேட்கும். பழைய ஆசிரியரின் பரிந்துரைப் படிவம் வேண்டுமென்றால் விடுமுறை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். விடுமுறையில் யாரும் மின்னஞ்சல் பார்ப்பதில்லை.

மொழி

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், என் பிழைப்பே இதுதான்.

ஆங்கிலம் அதிகம் தெரியாமல் வரும் பிள்ளை, குறிப்பாகச் சின்னப் பிள்ளை, சில வாரமோ சில மாதமோ வகுப்பில் வாயே திறக்காமல் இருக்கலாம். நாங்கள் இதை மௌன காலம் என்போம். வெளியே பேச்சு இல்லாவிட்டாலும் உள்ளே வேலை மும்முரமாக நடந்துகொண்டிருக்கும். யார் யாரிடம் எந்தச் சொல்லை எப்போது சொல்கிறார்கள் என்று கவனித்துச் சேர்த்துக்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு நாள் முழு வாக்கியம் வரும், அதுவும் பெரும்பாலும் யாரோ அதன் பென்சிலை எடுத்ததற்காக வரும். அதுவரை வீட்டில் "இன்றைக்காவது பேசினாயா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியோடு பள்ளிக்கு வரும் பிள்ளை இன்னும் நாள்படத்தான் பேசும்.

அதற்கு நேர்மாறான ஏமாற்றம் ஒன்று பின்னால் காத்திருக்கிறது. விளையாட்டு மைதானத்தில் மளமளவென்று பேசும் பிள்ளை வரலாற்றுப் பாடத்தில் ஒரு பத்தி எழுதத் திணறும். "இவ்வளவு பேசுகிறானே, எழுத ஏன் சோம்பல்?" என்று பெற்றோர் கேட்பார்கள். சோம்பல் இல்லை. டொரன்டோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே அன்றாடப் பேச்சுமொழி வேறு, பாடமொழி வேறு என்று பிரித்துக் காட்டினார். பேச்சு ஒன்றிரண்டு வருடத்தில் கைகூடும். காரணம் காட்டி, ஒப்பிட்டு, வாதிட்டு எழுதும் மொழிக்கு ஐந்து முதல் ஏழு வருடம்கூட ஆகலாம். ஆகவே முதல் வருடம் முடிந்ததும் "இனி ஈஏஎல் வகுப்பு வேண்டாம், நண்பர்கள் முன்னால் அவமானமாக இருக்கிறது" என்று பிள்ளை சொன்னால், உடனே தலையாட்டிவிடாதீர்கள். எழுதிய வேலையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வீட்டில் என்ன மொழி பேசுவது? உங்களுக்கு இயல்பாக வருவது எதுவோ அதை. வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்று அறிவுரை சொல்லும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள், நான் அவர்களோடு ஒத்துப்போவதில்லை. அப்பா அம்மா தயங்கித் தயங்கி ஆங்கிலம் பேசினால் பேச்சு "சாப்பிட்டாயா, படித்தாயா" என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். மழை ஏன் பெய்கிறது, தாத்தா ஏன் கோபித்துக்கொண்டார் என்ற பேச்செல்லாம் நின்றுவிடும். நீராவி, ஒடுக்கம், மேகம் என்று ஒரு மொழியில் புரிந்துகொண்ட பிள்ளைக்கு இன்னொரு மொழியில் அந்தச் சொற்களை ஒட்டினால் போதும். எந்த மொழியிலும் புரியாத பிள்ளைக்கு நான் எங்கிருந்து தொடங்குவது? வகுப்பில் அடுத்து வரும் பாடப்பகுதி என்ன என்று ஆசிரியரிடம் கேட்டு, அதைப் பற்றி வீட்டு மொழியில் முன்கூட்டியே பேசுங்கள், படியுங்கள். டியூஷனைவிட இதில் பலன் அதிகம்.

வீட்டு மொழியில் எழுதப் படிக்கவும் விடாமல் வைத்திருங்கள். ஐபி டிப்ளமோவில், பள்ளி கற்பிக்காத மொழியாக இருந்தாலும், பள்ளியின் மேற்பார்வையில் தானே படிக்கும் பாடமாகத் தாய்மொழி இலக்கியத்தை எடுக்க வழி இருக்கிறது. அதற்குப் பதினாறு வயதில் போய் எழுத்துக் கூட்ட ஆரம்பிக்க முடியாது.

சரி, ஆங்கிலத்தில் எதைத்தான் சொல்லிக்கொடுப்பது? முதல் நாளுக்கு வேண்டியவை சில வாக்கியங்கள்தான். எனக்குப் புரியவில்லை. மறுபடி சொல்லுங்கள். கழிப்பறைக்குப் போகலாமா? உடம்பு சரியில்லை. நானும் விளையாட வரலாமா? வேண்டாம், எனக்கு அது பிடிக்கவில்லை. இந்தக் கடைசி வாக்கியம் ரொம்ப அவசியம், பலர் சொல்லிக்கொடுக்க மறந்துவிடுகிறார்கள். யாராவது தள்ளினாலோ பொருளைப் பிடுங்கினாலோ உரக்கச் சொல்ல அதற்கு ஒரு வாக்கியம் வேண்டும். இவற்றை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழக்குங்கள். எழுதிப் பழகி ஒரு பயனும் இல்லை.

பல நாட்டு ஆசிரியர்கள் இருப்பதால் ஒரே பள்ளியில் நான்கைந்து விதமான உச்சரிப்பு காதில் விழும். ஒரே உச்சரிப்பைக் கேட்டுப் பழகிய பிள்ளை, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்திருந்தும் முதல் வாரம் விழிக்கும். பல நாட்டார் பேசும் கதைகளையும் குழந்தைகள் செய்திகளையும் கேட்க வையுங்கள்.

இன்னொன்று, பெயர். மற்றவர்கள் சொல்லக் கஷ்டப்படுவார்கள் என்று பெற்றோரே ஒரு சுருக்கப் பெயரை ஒட்டி அனுப்புவார்கள். பிள்ளைக்கே அது பிடித்திருந்தால் சரி. இல்லையென்றால், தன் பெயரை அசை பிரித்து மெதுவாகச் சொல்லவும், தவறாகக் கூப்பிட்டால் சிரித்தபடி திருத்தவும் பழக்குங்கள். ஆசிரியரைத் திருத்திவிட்ட பிள்ளைக்கு அப்புறம் கேள்வி கேட்பதும் சுலபமாகிவிடுகிறது.

கேட்பது, மறுப்பது, தவறுவது

ஆசிரியர் கேள்வி கேட்டதும் ஒரே சரியான விடையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்து பழகிய பிள்ளைக்கு, இங்கே ஆசிரியர் "அப்படியா? ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று மறுபடி கேட்டால் தான் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்றே தோன்றும். உடனே விடையை மாற்றிக்கொள்ளும். இது என் வகுப்பில் அடிக்கடி நடக்கிறது. வீட்டிலேயே இதைப் பழக்கலாம். ஏதாவது கதை படித்தால், "அவன் செய்தது சரியா? ஏன்?" என்று கேளுங்கள். பதில் எதுவாக இருந்தாலும் "ஏன்" என்று இன்னொரு முறை கேளுங்கள். நடுநடுவே வேண்டுமென்றே ஒரு அபத்தமான கருத்தைச் சொல்லுங்கள், பிள்ளை மறுக்கட்டும். பெரியவர் சொன்னதை மரியாதையோடு மறுக்கும் பழக்கம் வீட்டில் வராமல் வகுப்பில் வராது. இதில் உங்களுக்குத்தான் பயிற்சி அதிகம் தேவைப்படும் என்று எச்சரித்துவிடுகிறேன்.

குழு வேலையும் அப்படித்தான். நான்கு பேர் சேர்ந்து ஒரு படவிளக்கம் செய்ய வேண்டும் என்றால், கெட்டிக்காரப் பிள்ளை மொத்தத்தையும் தானே செய்துவிட்டு மற்றவர்கள்மேல் புகார் சொல்லும். வேலையைப் பிரித்துக்கொண்டார்களா, அடுத்தவர் சொன்னதைக் கேட்டார்களா என்பதற்கும் அங்கே மதிப்பீடு உண்டு.

நகலெடுப்பதைப் பற்றிக் கண்டிப்பாகப் பேசுங்கள். இணையத்திலிருந்து அழகான பத்தியை எடுத்து ஒட்டுவதும், பெற்றோரோ டியூஷன் ஆசிரியரோ செயலியோ எழுதிக் கொடுத்ததைத் தன் வேலையாகக் கொடுப்பதும் அங்கே பெரிய குற்றம். டிப்ளமோவில் இது நிரூபணமானால் அந்தப் பாடத்துக்கு மதிப்பெண்ணே கிடைக்காமல் போகலாம், டிப்ளமோவும் கைநழுவும். எட்டு வயதிலேயே "இதை எங்கே படித்தாய், அதை எழுதிவை" என்று பழக்கினால் பதினாறு வயதில் 4,000 சொல் ஆய்வுக் கட்டுரை எழுதும்போது அது பாரமாக இருக்காது. சின்ன வகுப்பில் பெற்றோர் செய்து கொடுத்த பளபளப்பான ப்ராஜெக்டை நாங்கள் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவோம், சொல்லிவிட்டேன்.

தன் வேலையைத் தானே

சின்னவர்களுக்கு: ஜிப் போடுவது, ஷூ மாட்டுவது, டப்பாவைத் திறந்து குறித்த நேரத்துக்குள் தானாகச் சாப்பிட்டு முடிப்பது, கழிப்பறையில் உதவியில்லாமல் சமாளிப்பது, நீச்சலுக்குப் பின் ஈரத் துணியைப் பையில் போட்டுக்கொண்டு வருவது. இதையெல்லாம் வீட்டில் யாராவது செய்துவிடும் பிள்ளைக்கு முதல் மாதத்தில் பாடத்தைவிட இவைதான் பெரிய கஷ்டம். எல்லாப் பொருளிலும் பெயர் எழுதுங்கள், ஒற்றைக் காலுறையிலும்கூட.

பெரியவர்களுக்கு: பல பள்ளிகளில் கால அட்டவணை திங்கள், செவ்வாய் என்று ஓடாது. டே 1, டே 2 என்று ஆறு நாளோ எட்டு நாளோ சுழலும். இந்தத் திங்களன்று இருந்த உடற்பயிற்சி அடுத்த திங்களன்று இருக்காது. பாடத்துக்குப் பாடம் அறை மாற வேண்டும், லாக்கர் எண்ணை நினைவில் வைக்க வேண்டும், வீட்டுப்பாடம் மேனேஜ்பேக் போன்ற தளத்திலோ கூகுள் கிளாஸ்ரூமிலோ வரும். அதை நீங்கள் பார்த்துச் சொல்லாதீர்கள், பிள்ளையே மாலையில் திறந்து பார்த்து மறுநாள் பையை அடுக்கட்டும். ஒரு தடவை ஏதாவது மறந்துவிட்டுப் போனால் பின்னாலேயே ஓடி எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

பணப் பேச்சு, பிரிவு

யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இந்தப் பள்ளிகளில் சில குடும்பங்கள் மிகப் பெரிய வசதிக்காரர்கள். கட்டணத்தை நிறுவனமே கட்டும் குடும்பங்கள் உண்டு, சேமிப்பைக் கரைத்துக் கட்டும் குடும்பங்களும் உண்டு. விடுமுறை முடிந்து வந்ததும் யார் எந்த நாட்டுக்குப் போனார்கள் என்ற பேச்சு நடக்கும். உங்கள் குடும்பத்தால் எது முடியும், எது முடியாது என்பதைப் பிள்ளையிடம் வெளிப்படையாக, வெட்கமில்லாமல் சொல்லிவையுங்கள். தெரிந்த பிள்ளை "நாங்கள் வீட்டில்தான் இருந்தோம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விடும்.

அப்புறம், நண்பர்கள் அடிக்கடி போய்விடுவார்கள். பெற்றோரின் வேலை மாற்றத்தால் வருட முடிவில் இருக்கைகள் காலியாகும். அதைவிட முன்னால் வருவது, பழைய பள்ளியிலிருந்து உங்கள் பிள்ளை கிளம்பும் நேரம். நாடுவிட்டு நாடு போய் வளரும் பிள்ளைகளைப் பற்றி நிறைய எழுதிய டேவிட் போலக், கிளம்பும் முன் நான்கு காரியம் செய்யச் சொன்னார். சண்டையிட்டவரோடு சமாதானம், பிடித்தவர்களிடம் நன்றி, இடங்களிடமும் ஆட்களிடமும் முறையான விடைபெறல், போகும் இடத்தைப் பற்றிய யோசனை. நாம் பெரும்பாலும் நான்காவதை மட்டும் செய்கிறோம். புதுப் பள்ளியின் நீச்சல் குளத்தைக் காட்டி ஆசையூட்டுகிறோம், பழைய பெஞ்ச் நண்பனிடம் சொல்லிக்கொள்ள நேரம் தருவதில்லை. பெட்டி கட்டும் கடைசி வாரத்திலாவது அதற்கு ஒரு மாலையை ஒதுக்குங்கள்.

முதல் பருவம்

பள்ளி விட்டு வந்ததும் பிள்ளை எரிந்து விழலாம், சாப்பிடாமல் தூங்கிவிடலாம். நாள் முழுக்க வேற்று மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்வது கடும் உழைப்பு. முதல் ஒன்றிரண்டு மாதம் மாலையில் வேறு எந்த வகுப்பிலும் சேர்க்காதீர்கள். பள்ளியிலேயே நடக்கும் ஏதாவது ஒரு விளையாட்டு அல்லது இசைக் குழு போதும். மொழி குறைவாகத் தேவைப்படும் இடத்தில்தான் முதல் நண்பன் கிடைப்பான்.

மதிப்பெண் அறிக்கை வந்ததும் பதறாதீர்கள். எம்ஒய்பி-யில் ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு அளவுகோல்கள், ஒவ்வொன்றுக்கும் 8 வரை. அதைக் கூட்டித்தான் 1 முதல் 7 வரையான கிரேடு வரும். அதில் 5 வந்தால் நல்ல நிலை. அதை நூற்றுக்கு எழுபத்தொன்று என்று கணக்குப் போட்டுவிட்டு ஆசிரியரிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. எண்ணைப் பார்ப்பதற்கு முன் அந்த அளவுகோலில் எழுதியிருக்கும் வாசகத்தைப் படியுங்கள். அடுத்த படிக்கு என்ன வேண்டும் என்று அதிலேயே இருக்கும்.

பல பள்ளிகளில் பெற்றோர் கூட்டத்தைப் பிள்ளைதான் நடத்தும். தன் வேலைகளை எடுத்து வைத்து, எது நன்றாக வந்தது, எது வரவில்லை என்று உங்களுக்கு விளக்கும். ஆங்கிலம் தடுமாறினால் வீட்டு மொழியிலேயே விளக்கட்டும், அப்படிச் செய்ய எங்கள் பள்ளியில் நாங்களே சொல்வோம். நீங்கள் அந்த அரைமணி நேரம் கைபேசியை உள்ளே வைத்துவிட்டு, தப்பைத் திருத்தாமல் கேளுங்கள். ஆசிரியரிடம் கேட்க வேண்டியது இருந்தால் தனியாக இன்னொரு நாள் நேரம் வாங்கிக்கொள்ளலாம்.